தோளில் தொங்கும் நாலு கிலோ

“அம்மா! இந்த வருஷம் எனக்கு முதுகுப் பை வேண்டாம். அதைச் சின்னப் பசங்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். எனக்கு மெஸஞ்சர் பைதான் வேண்டும்!”

பிளஸ் ஒன் சேர்ந்த பெண் இப்படிச் சொன்னால் தாயார் என்ன செய்வாள்? நான் செய்ததைத்தான் நீங்களும் செய்திருப்பீர்கள். முதலில், “அதெல்லாம் முடியாது” என்றேன். அரைமணி நேரம் கழித்து, “அப்படி என்றால் என்ன பை?” என்று கேட்டேன்.

தபால்காரர் ஒரு தோளிலிருந்து குறுக்கே போட்டுக்கொண்டு வருவாரே, அந்த மாதிரிப் பை. வாயை மூட ஒரு பெரிய மடிப்பு. நீளமான ஒற்றைப் பட்டை. அவ்வளவுதான். அமெரிக்காவில் நியூயார்க் போன்ற நகரங்களில் சைக்கிளில் கடிதமும் பார்சலும் கொண்டு போகிறவர்கள் இதை உபயோகித்து, அவர்களைப் பார்த்து மாணவர்களுக்கும் ஆசை வந்து, இப்போது நம் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “இதற்கு ஜோல்னாப் பை என்று பெயர். எங்கள் காலேஜில் கவிதை எழுதுகிற பையன்கள் எல்லாரும் மாட்டிக்கொண்டு திரிந்தார்கள்” என்றார்.

“அதற்குள் என்ன இருக்கும்?” என்றாள் பெண்.

“ஒரு நோட்டு, ஒரு சீப்பு.”

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது, சகோதரிகளே! என் பெண்ணின் பைக்குள் போக வேண்டியது லாப்டாப். கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்த பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள் கொண்டுவர வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். இருபது மாதம் சீட்டுக் கட்டி, 43,000 ரூபாய்க்கு அதை வாங்கியிருந்தோம். அதற்கு ஒரு பை வாங்கப் போய் நான் பண்ணின அசட்டுத்தனத்தைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஜூன் மாதம் கடைக்குப் போகிற நாலு பேருக்காவது உபயோகப்படட்டும்.

கடையில் இரண்டு பைகளை எடுத்துப் போட்டார்கள். ஒன்று 1,250 ரூபாய். இன்னொன்று 450. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி. சொல்லப்போனால் 450 ரூபாய்ப் பைதான் கொஞ்சம் மினுமினுப்பாகக்கூட இருந்தது. அதில் ‘15.6 இஞ்ச்’ என்று ஒரு சீட்டும் தொங்கியது. 800 ரூபாய் மிச்சம் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. பெண் மட்டும் பட்டையைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தாள். “ஏண்டி, பிய்த்துவிடாதே!” என்று அதட்டினேன். அன்றைக்கு அவள் செய்ததுதான் சரி.

மூன்றாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம். பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள். பட்டையைப் பையோடு மாட்டியிருந்த பிளாஸ்டிக் கொக்கி ‘பட்’டென்று முறிந்தது. பை நேரே நடைபாதைக் கல்லில் விழுந்தது. விழுந்தால்கூடப் பரவாயில்லை, சார்ஜர் என்கிற அந்தக் கட்டியும் லாப்டாப்பும் ஒரே அறையில் உறவாடிக்கொண்டிருந்தன. சார்ஜர் மேல்மூடியில் இடித்து, திரை மூலைக்கு மூலை விரிசல்.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. பையை இரண்டு கையாலும் குழந்தையை ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்து, “அம்மா, நான் ஜாக்கிரதையாகத்தான் இறங்கினேன்” என்றாள். என்னை அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ரிச்சி தெருவில் திரை மாற்ற 7,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. 800 ரூபாய் மிச்சம் பிடித்த கெட்டிக்காரி நான்!

இதற்குப் பிறகுதான் எனக்குப் பையைப் பற்றி ஞானம் பிறந்தது. ஞானம் கொடுத்த குரு எங்கள் பஸ் நிறுத்தத்துப் புங்க மரத்தடியில் உட்கார்ந்து செருப்புத் தைக்கும் பெரியவர். முறிந்த பையை அவரிடம் கொண்டு போனேன். ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

“இதுல தைக்கிறதுக்கு இன்னாம்மா இருக்குது? தையல் நல்லாத்தான் போட்டிருக்கான். ஆனா வெறும் மேல் துணியிலே போட்டிருக்கான். உள்ளே ஒரு பட்டியும் குடுக்கலே. கொக்கி போகாட்டி அடுத்த மாசம் துணியே கிழிஞ்சிருக்கும்.”

வருஷம் பூராவும் பைகள் எங்கே பிய்கின்றன என்று பார்க்கிறவர் அவர்தானே? கடைக்காரருக்கு விற்பதோடு சரி. பெரியவர் சொன்னது இது: பட்டை பையில் சேருகிற இடத்தைப் புரட்டிப் பாருங்கள். பட்டையின் நுனி தையலுக்குள் வெறுமனே நுழைந்து நின்றால் போதாது. நாலு பக்கமும் கட்டம் போட்டு, நடுவில் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே தையல் ஓடியிருக்க வேண்டும். உள்பக்கம் இன்னொரு துண்டுத் துணியோ நாடாப் பட்டியோ ஒட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கொக்கியும் வளையமும் உலோகமாக இருப்பது நல்லது. பட்டை மூன்று விரல் அகலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அது தோளை அறுக்கும்.

“நல்ல பையா இருந்தாலும் புதுசிலேயே ஒரு தபா எங்கிட்டே குடுத்துடுங்கம்மா. ரெண்டு பக்கமும் தோல் வெச்சு அடிச்சிடறேன். அம்பது ரூபா. பையன் காலேஜ் முடிக்கிற வரைக்கும் வரும்” என்றார்.

இதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2011-ல் இலவச லாப்டாப் கொடுக்க ஆரம்பித்தார்கள் அல்லவா? எங்களுக்குச் சமையல் வேலையில் கூடமாட ஒத்தாசை செய்கிற அம்மாளின் மகனுக்கும் ஒன்று வந்தது. அந்த வீட்டில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அதனுடன் வந்த பைக்கு இதே பெரியவர் தோல் வைத்துத் தைத்துக் கொடுத்தாராம். லாப்டாப் எப்போதோ ஓய்ந்துவிட்டது. பையன் இப்போது ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறான். பை மட்டும் இன்னும் அவனோடு ஆபீஸுக்குப் போய் வருகிறது!

சரி, இரண்டாவது பை வாங்கக் கிளம்பினோம். இந்தத் தடவை முறையாக.

ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவு ரவிக்கை கொண்டு போகாமல் போவோமா? லாப்டாப்புக்கும் அப்படித்தான். 15.6 இஞ்ச் என்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. பெட்டியின் அகலம் அல்ல. ஆனால் சில பைகளில் சீட்டில் போட்டிருக்கும் இஞ்ச் பையின் வெளி அகலமாக இருந்துவிடுகிறது. அதனால்தான் ‘பதினாறு’ என்று போட்ட பையில் பதினைந்தரை நுழையாமல் முரண்டு பண்ணுகிறது. எங்களுடைய லாப்டாப் 36 சென்டிமீட்டர் அகலம், 24 சென்டிமீட்டர் உயரம். 14 இஞ்ச் என்கிறவை சுமார் 32-க்கு 22 இருக்கும். விலை உயர்ந்த சாமானைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்க வேண்டாம். அட்டைப் பெட்டியில் அதே அளவு இரண்டு துண்டு வெட்டி, நடுவே பழைய பேப்பரை மடித்து வைத்து, லாப்டாப்பின் கனத்துக்கு ஒட்டி எடுத்துக்கொண்டு போனேன். காசிச் செட்டித் தெருக் கடைக்காரர் ஒருவர் இதைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துவிட்டு, “பரவாயில்லையே, நல்ல யோசனைதான்” என்றும் சொன்னார்.

இந்த அட்டை லாப்டாப்பைப் பைக்குள் வைத்து ஒரு சோதனை செய்ய வேண்டும். மிக முக்கியமான சோதனை இது. லாப்டாப் வைப்பதற்கென்று உள்ளே தனி அறை இருக்கும். அந்த அறையின் அடி, பையின் அடியைத் தொடவே கூடாது. இரண்டு சென்டிமீட்டராவது மேலே, தொட்டில் மாதிரி, தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும். பையைத் தூக்கிப் பிடித்து அடியில் விரலால் அழுத்துங்கள். விரலுக்கு அட்டையின் விளிம்பு தட்டுப்பட்டால் அந்தப் பை வேண்டாம். பிள்ளைகள் பையை வைப்பதில்லை, போடுகிறார்கள். தரையின் அடி முழுவதும் லாப்டாப்பின் விளிம்புக்குப் போய்ச் சேரும். என் 450 ரூபாய்ப் பையில் அடியில் ஒரு சுற்றுத் துணியைத் தவிர வேறொன்றும் இல்லை.

பஞ்சு மெத்தை இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துக் கிள்ளிப் பாருங்கள். இரண்டு விரலும் ஒன்றையொன்று உணர்ந்தால் அது மெத்தை இல்லை. விட்டவுடன் இட்லி மாதிரி எழும்பி வர வேண்டும். சார்ஜருக்குத் தனி அறை, அதுவும் லாப்டாப்பின் திரைப் பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கம். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

துணியைப் பற்றிக் கடைகளில் ‘டெனியர்’ என்று ஒரு வார்த்தை சொல்லி மிரட்டுவார்கள். பயப்பட வேண்டாம். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் டெனியர். எண் ஏற ஏற நூல் பருமன். 600 டெனியர் பாலியெஸ்டர் பள்ளிக்கூடத்துக்குப் போதும். 1,000 டெனியர் நைலான் இருந்தால் இன்னும் உழைக்கும், ஆனால் விலையும் ஏறும். கான்வாஸ் துணி அழகுதான். நனைந்தால் கனக்கும், காய இரண்டு நாள் ஆகும். ஐப்பசி கார்த்திகையில் சென்னையில் இருக்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மழை என்றதும் ஞாபகம் வருகிறது. ‘வாட்டர் புரூஃப்’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். துணியின் உள்பக்கம் பூச்சு இருந்தால் துணி வழியே தண்ணீர் இறங்காது. ஊசித் துளை வழியே இறங்கும், ஜிப் வழியே இறங்கும். மேல் மடிப்பு பையின் வாயைத் தாண்டிப் பக்கங்களிலும் இறங்கி மூடுகிறதா, மடிப்புக்குக் கீழே ஜிப்பும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மடிப்பு மட்டும் உள்ள பையில் பஸ் நெரிசலில் பிறர் கை நுழைவதும் சுலபம். வாங்கி வந்த அன்றே உள்ளே நியூஸ் பேப்பரைத் திணித்து, மேலே இரண்டு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பேப்பரைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு மூலை ஈரம். அதற்கும் வழி வீட்டிலேயே இருந்தது. பட்டுப் புடவை வைக்க ஜிப் போட்ட பிளாஸ்டிக் உறை கொடுக்கிறார்களே, அதற்குள் லாப்டாப் கச்சிதமாக நுழைகிறது! மழைக்காலத்தில் என் கல்யாண நாள் புடவை உறையில்தான் அது பள்ளிக்கூடம் போகிறது. ஒன்று மட்டும்: உறையில் போடுவதற்கு முன் லாப்டாப்பை அடியோடு அணைத்திருக்க வேண்டும். மூடியை மட்டும் சாத்திவிட்டு, உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போதே பைக்குள் திணித்தால் சூடு வெளியேற வழியில்லாமல் வெந்துபோகும்.

ஜிப்பை ஒரே கையால், பையின் வளைவில், ஐந்தாறு தடவை ஓட்டிப் பாருங்கள். வளைவில் தயங்கினால் வீட்டில் நிச்சயம் மாட்டும். மூடிக்கு வெல்க்ரோ ஒட்டு வைத்த பைகள் எனக்குப் பிடிக்காது. வகுப்பு நடுவே திறந்தால் ‘சர்ர்ர்’ என்று ஊரைக் கூட்டும். துப்பட்டாவின் நூலையும் இழுக்கும். உள் துணி வெளிர் நிறமாக இருந்தால் கறுப்புப் பென்சிலும் பென்டிரைவும் கண்ணுக்குத் தெரியும். வெளியே கறுப்போ நீலமோ பிள்ளைகள் இஷ்டம். அதில் நாம் தலையிட வேண்டாம்.

இத்தனையும் பார்த்து 1,300 ரூபாயில் ஒரு நல்ல பை வாங்கி, மரத்தடிப் பெரியவரிடம் தோலும் வைத்துத் தைத்து, பெண் சந்தோஷமாக மாட்டிக்கொண்டு போனாள். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஆகஸ்டில் சுடிதார் தைக்க அளவு எடுத்த தையற்காரம்மா, “ஏம்மா, பாப்பாவுக்கு வலது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருக்கே?” என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. டாக்டரிடம் ஓடினேன். அவர் அவளை நிற்கச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்த்துவிட்டு, “எலும்பில் ஒன்றும் இல்லை. ஒரே பக்கம் சுமந்து சுமந்து தசை இறுகியிருக்கிறது. சுமையைக் குறையுங்கள், பக்கத்தை மாற்றுங்கள், சரியாகிவிடும்” என்றார். பிறகு, “பை எத்தனை கிலோ?” என்று கேட்டார்.

தெரியவில்லையே! கத்தரிக்காயைக் கால் கிலோ குறைகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், பெண் தினம் சுமப்பதை ஒரு நாள் நிறுத்துப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது வாசலில் பழைய பேப்பர்காரர் கொக்கித் தராசோடு நின்றார். “இதைக் கொஞ்சம் மாட்டுங்கள்” என்று பையை நீட்டினேன். 6 கிலோ 700 கிராம்! லாப்டாப் 1,800 கிராம், சார்ஜர் 400, பாடப் புத்தகங்கள் 1,100, நோட்டுகள் 600, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் 1,300, டிபன் டப்பா 600, பை மட்டும் 900.

இந்தச் சுமையைப் பற்றிக் கவலைப்பட்டது நான்தான் முதல் ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். புரசைவாக்கத்தில் பிறந்த நாவலாசிரியர் ஆர்.கே. நாராயண் ராஜ்ய சபையில் நியமன உறுப்பினராக இருந்தபோது, 1989-ல், தம் கன்னிப் பேச்சில் பேசியது எதைப் பற்றித் தெரியுமா? பள்ளிப் பிள்ளைகளின் புத்தக மூட்டையைப் பற்றித்தான்! அதன் பிறகு பேராசிரியர் யஷ்பால் தலைமையில் ஒரு கமிட்டி ஏற்பட்டு, 1993-ல் ‘சுமையில்லாத கல்வி’ என்று அறிக்கை கொடுத்தது. மத்திய அரசு 2020-ல் பள்ளிப் பைக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கக் கூடாது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மூன்றரை முதல் ஐந்து கிலோ வரை என்று அதில் இருக்கிறது. இரண்டு தோளிலும் மாட்டும் பட்டை வேண்டும் என்றும் இருக்கிறது. என் பெண் 46 கிலோ. அவளுக்கு 4 கிலோ 600 கிராம்தான் உச்சவரம்பு.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. தபால்காரர் பை காலையில் கனக்கும். வீட்டுக்கு வீடு கடிதம் கொடுக்கக் கொடுக்க மத்தியானத்துக்குள் இளைத்துவிடும். அடிக்கடி எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் அது ஒரு தோளில் தொங்குகிறது. பள்ளிப் பிள்ளையின் பை காலையில் எத்தனையோ அத்தனையேதான் சாயங்காலமும். ஆகவே மெஸஞ்சர் பை கூடாது என்பது இல்லை. மூட்டை முழுவதையும் அதில் ஏற்றுவதுதான் கூடாது.

பெண்ணோடு உட்கார்ந்து பேரம் பேசினேன். லாப்டாப் கொண்டு போகும் இரண்டு நாள் மெஸஞ்சர் பை. மற்ற நாள் புத்தகங்களோடு பழைய முதுகுப் பை. “பிள்ளைகள் சிரிப்பார்கள் அம்மா” என்றாள். “மூன்று நாள்தானே?” என்றேன். லாப்டாப் நாளில் புத்தகங்களைப் பக்கத்துப் பெண்ணோடு பங்கு போட்டுக்கொள்கிறார்கள்; ஒருத்தி லாப்டாப் கொண்டுவந்தால் மற்றவள் புத்தகம். தண்ணீர் அரை லிட்டர் போதும், பள்ளியில் நிரப்பிக்கொள்ளலாம். அந்தப் பாட்டிலும் பையின் வெளி அறையில்தான், உள்ளே இல்லை. டிபன் டப்பா கையில் தனிக் கூடையில். பட்டையைக் குறுக்கே போட்டு, பை இடுப்பெலும்புக்குக் கீழே இறங்காதபடி இறுக்கிக்கொள்ள வேண்டும். தாழத் தொங்கினால் அடி வைக்கும்போதெல்லாம் தொடையில் இடிக்கும். போகும்போது வலது தோள், வரும்போது இடது தோள். அப்பாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் பை மடியில் இருக்க வேண்டும். மிச்சப் பட்டையைச் சுருட்டிச் செருக வேண்டும். துப்பட்டா சக்கரத்தில் மாட்டிய கதைகளை நாம் கேட்டதில்லையா? பட்டைக்கும் அதே கதிதான்.

தோள் சரியாக இரண்டு மாதம் ஆயிற்று. தீபாவளிப் பாவாடை தாவணிக்கு அளவு எடுக்கும்போது தையற்காரம்மாவை இரண்டு தரம் பார்க்கச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பர்காரர் வந்தபோது, மறுநாளைக்கு அடுக்கி வைத்திருந்த பையை மறுபடி கொண்டு போய்க் கொக்கியில் மாட்டினேன். 4 கிலோ 300. பெண் வாசற்படியில் நின்றுகொண்டு கையைத் தட்டினாள். பேப்பர்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுக்கு நான் உங்களுக்குக் காசு குடுக்கணுமா, நீங்க எனக்குக் குடுப்பீங்களா அம்மா?” என்றார்.